இரண்டு அங்குலம்

ஆஸ்பத்திரியின் பரிசோதனை அறைக்குள் நுழைந்ததுமே என் கண் அந்த நாற்காலியில்தான் போய் நின்றது. நாற்பது வருஷம் தச்சுவேலை செய்தவனுக்கு டேப் எதற்கு? தரையிலிருந்து பதினேழு அங்குலம். வீட்டில் என் மனைவி இரண்டு மாதமாகப் பழகிய நாற்காலி பத்தொன்பது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் இதே ஆஸ்பத்திரியில் ஆயா. இருபத்தாறு வருஷமாக நோயாளிகளைத் தூக்கி உட்காரவைத்து, கைப்பிடித்து நடக்கவைக்கிறவள். அறுபது தாண்டினால் உடம்புச் சோதனை, தேறினால்தான் வேலை. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, முப்பது விநாடிக்குள் பன்னிரண்டு தடவை நாற்காலியிலிருந்து எழ வேண்டும். “என்னை வீட்ல உக்கார வச்சா ஆறே மாசத்துல என்னைத் தூக்க ஆள் தேடுவீங்க,” என்று சொல்லியிருந்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

முதல் நாள் வீட்டில் ஆறு தடவைதான் எழுந்தாள். முழங்காலைப் பிடித்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் கடைக்குப் போன நேரத்தில் நாற்காலியின் நாலு காலுக்கும் அடியில் அரை அங்குலக் கட்டை ஒட்டி, அதே பாலிஷைத் தடவிவைத்தேன். மறுநாள் எட்டு. சில நாள் கழித்து இன்னொரு அரை. இப்படி நாலு முறை. ஒட்டு கண்ணுக்கே தெரியாது. அந்தப் பெருமை வேறு இந்த மடையனுக்கு. பதினாலு வந்த அன்று, “பாத்தீங்களா?” என்று என் தோளில் தட்டினாள். அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

இப்போது சொல்லலாமா? சொன்னால் உட்காரும் முன்னாலேயே அவள் தைரியம் போய்விடும். யோசிப்பதற்குள் நர்ஸ் கடிகாரத்தை எடுத்துவிட்டாள். “உக்காருங்கக்கா.”

உட்கார்ந்தாள். உடம்பு நினைத்த இடத்தில் பலகை இல்லை. இன்னும் கீழே போய்த் தொப்பென்று விழுந்தாள். குனிந்து நாற்காலியின் கால்களைப் பார்த்தாள். பிறகு என்னை. நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

ஐந்து வரை வேகம் இருந்தது. ஏழில் தொடை நடுங்கியது. “ஒம்பது,” என்றாள் நர்ஸ். பத்தாவது தடவை பாதி எழுந்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தரத்தில் நின்றாள். கை மட்டும் மார்பிலிருந்து பிரியவில்லை. என்னையறியாமல் நான் எழுந்து நின்றிருந்தேன்.

“நேரம் முடிஞ்சுதுக்கா. பதினஞ்சு நாள் கழிச்சு இன்னொரு தடவை வாங்க. அதான் கடைசி.”

வழி முழுக்க அவள் எனக்கு நாலடி முன்னால் நடந்தாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் நேராகப் போய் நாற்காலியைக் கவிழ்த்தாள். கால் நுனியை நகத்தால் சுரண்டினாள். பாலிஷ் உதிர்ந்து ஒட்டு தெரிந்தது.

“எவ்வளவு?”

“ரெண்டு அங்குலம்.”

“நான் அவ்வளவுதான்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க.”

“வலிக்குதேன்னுதான்...”

“வலி என்னோடது.” நாற்காலியை என் பக்கம் தள்ளி, “ரம்பத்தை எடுங்க,” என்றாள்.

எடுத்துவந்தேன். “மொதல்ல அரை அங்குலம் அறுக்கறேன். கொஞ்சம் கொஞ்சமா எறக்கிக்கலாம்,” என்றேன். அவள் என் காதில் செருகியிருந்த பென்சிலை உருவினாள். நான் ஒட்டிய கட்டையையெல்லாம் தாண்டி, பழைய மரத்திலேயே அரை அங்குலம் உள்ளே தள்ளிக் கோடு போட்டாள்.

“இது வரைக்கும்.”

வலிக்கிற முழங்காலைத் தரையில் ஊன்றி, நாற்காலிக் காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். அறுக்க ஆரம்பித்தேன். மரத்தூள் அவள் விரல்களின்மேல் விழுந்துகொண்டே இருந்தது. அவள் பிடியை விடவில்லை.