பதினைந்தாவது அங்குலம்

ஆவடி ஆரோக்கியமாதா நகர் நான்காம் குறுக்குத் தெருவில் இக்னேஷியஸின் வீடு முதல் தடவையாக மண்ணுக்குள் இறங்கியது 2020 ஜூன் இருபத்தேழாம் தேதி, சனிக்கிழமை, காலை பத்தே முக்காலுக்கு. நான்கு அங்குலம். சுவரில் கீறல் விழவில்லை, அடுப்படியில் ஒரு டம்ளர்கூட உருளவில்லை. தெருவில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. எங்கள் பக்கத்தில் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போடுவார்கள். ரோடு ஏற ஏற வீடு தாழும். இரண்டு படி ஏறிப் போன வீட்டுக்குள் பத்து வருஷம் கழித்து ஒரு படி இறங்கிப் போவது எங்களுக்குப் பழகிய விஷயம். ஆனால் அந்த ஜூன் மாதம் ரோடு போட ஊரில் ஆளே இல்லை என்பது இரண்டு நாள் கழித்துத்தான் எங்கள் மண்டையில் உறைத்தது.

இக்னேஷியஸ் டாங்கி ஃபேக்டரியில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவர். ஃபேக்டரியில் காக்கி, வீட்டில் மடித்துக் கட்டிய லுங்கி, இந்த இரண்டைத் தவிர மூன்றாவது உடுப்பில் அவரைப் பார்க்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக வேண்டும். மனைவி சகாயம்மாள் நைட்டி மேல் துண்டு போட்டுக்கொண்டு ஒரு பகலையே ஓட்டிவிடுவாள். இவர்களுக்குப் பிறந்த ஒரே மகள் பெனிஷா எப்படி அப்படி வந்தாள் என்பது தெருவுக்கே ஆச்சரியம். அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் வேலை, இருபத்தேழு வயது, கம்மலுக்கும் செருப்புக்கும் நிறம் பொருந்தாமல் குப்பை கொட்டக்கூட வெளியே வர மாட்டாள். மார்ச்சில் எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டதும் அவள் ஒரு சட்டம் போட்டாள். காலை பத்து மணிக்கு மேல் அந்த வீட்டில் நைட்டி, லுங்கி கிடையாது. மாலையில் மூவரும் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் முப்பது சுற்று நடக்க வேண்டும். சனிக்கிழமை ராச்சாப்பாட்டுக்கு மேஜை விரிப்பு, மெழுகுவர்த்தி, பட்டுப்புடவை. சாப்பாடு என்னவோ ரேஷன் அரிசியும் முட்டைக் குழம்பும்தான். ஆபீஸ் மீட்டிங்கில் மேலே சட்டைதானே தெரியும், கீழே எதற்கு ஹீல்ஸ் என்று சகாயம்மாள் கேட்டதற்கு, "எவன் பாக்குறான்றது மேட்டரே இல்லமா. எனக்குத் தெரியுதுல்ல?" என்றாள். அப்பா கையில் நெயில் பாலிஷ் வைத்துப் பார்க்க வேண்டும் என்று மட்டும் அவளுக்கு ஓர் ஆசை. "கிரீஸ் பூசுன கைம்மா இது, மெஷினே சிரிக்கும்" என்று அவர் கையை இழுத்துக்கொண்டார். ஒருமுறை காட்டியிருக்கலாம்.

ஜூன் பதினெட்டில் பெனிஷாவுக்கு மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸ் வந்தது, அவள் தன் கால்களில் நடந்தே போய் ஏறினாள், மஞ்சள் செருப்பு போட்டிருந்தாள். அன்று மாலையே யாரும் வெளியே வராதபடி வாசலை மறித்துத் தகரம் அடித்துவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டு ராஜகுமாரி தகரத்துக்கு மேலாகக் கயிற்றில் பாலும் மாத்திரையும் இறக்கினாள். ஒன்பதாம் நாள் காலை பத்தே முக்காலுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வீடு இறங்கியது அப்போதுதான். ஊருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு கல்லறையில் நான்கு பேர் கவச உடையில் அவளை இறக்கியதை நாற்பது விநாடி வீடியோவாக அனுப்பினார்கள். பெற்றவர்கள் இருவரும் அதைக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார்கள். பார்த்து முடித்து சகாயம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். வீடு இன்னும் ஓர் அங்குலம் போனது.

மறுநாள் ஞாயிறு. போனில் பூசை ஓடியது. போனானாலும் பூசை பூசைதான் என்று இக்னேஷியஸ் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, இடுப்பில் லுங்கியோடு முன்னறையில் உட்கார்ந்தார். பூசை முடிவதற்குள் முன்னறையின் வாசல்பக்கம் கால் அங்குலம் மேலே வந்திருந்தது. ஃபிட்டர் இல்லையா, ரசமட்டக் கட்டையைத் தரையில் வைத்துப் பார்த்தார். உள்ளே குமிழி ஒரு பக்கமாக ஓடி நின்றது. பாதி உடுத்தினால் பாதிதான் ஏறும் என்று அவருக்குப் புரிய ஒரு முழு நாள் ஆயிற்று. திங்கள்கிழமை பேண்ட், பெல்ட், ஷூ எல்லாம் போட்டார். முன்னறை சமமாக ஏறியது. அன்றிலிருந்து இக்னேஷியஸ் காலை எட்டுக்குச் சவரம் செய்து, தலைக்கு எண்ணெய் வைத்து, கல்யாணக் கோட்டை மாட்டி டை கட்டிக்கொண்டு, யாரும் வராத வீட்டில் விருந்தாளியைப் போல நடமாடினார். ரேடியோவோடு சேர்ந்து பாடினார். மாடியில் முப்பது சுற்று நடந்தார். கூலிங் கிளாஸ் அழுகையை மறைக்க வசதியாக இருந்தது என்று பிற்பாடு அவரே சொன்னார்.

சகாயம்மாள் மட்டும் எழவில்லை. தகரம் எடுத்தார்கள், கடைகள் திறந்தன, ரயில்கூட ஓடியது. அவள் அதே நைட்டியில் அதே சுவரைப் பார்த்துக் கிடந்தாள். மகளின் பீரோ சாவி அவள் தலையணைக்கடியில் இருந்தது, யாரையும் தொட விடவில்லை. இக்னேஷியஸ் முன்னறையை எவ்வளவு ஏற்றினாலும் பின்னறை இழுத்துக்கொண்டு போனது. செப்டம்பரில் வீடு தூக்கும் வேலை செய்கிற வேம்புலி வந்து, அஸ்திவாரத்தைச் சுற்றி நூற்று இருபது ஜாக்கி வைத்தான். ஜாக்கிகள் மண்ணுக்குள் போனதுதான் மிச்சம். "அண்ணாத்தே, ஜாக்கி எல்லாம் ஒயுங்காத்தான் கீது. ஊட்டுக்குத்தான் எய்ந்துக்க மனசில்ல" என்று சொல்லி, கூலி வாங்காமல் போய்விட்டான். அக்டோபர் கடைசியில் பின்னறை ரோட்டுக்கு முப்பது அங்குலம் கீழே இருந்தது. இன்னும் ஆறு அங்குலம் போனால் ஜன்னல் கட்டை தரைக்கு வந்துவிடும், மழைத்தண்ணீர் ஜன்னல் வழியாகவே உள்ளே இறங்கும். அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வர அறுபத்திரண்டு வயது இக்னேஷியஸுக்குத் தெம்பில்லை. வா என்றால் அவள் வர மாட்டாள். அந்த மனுஷன் அந்த ஒரு மாதத்தில் இளைத்த இளைப்பில் கோட்டு அவரைப் போட்டுக்கொண்டு நடந்ததுபோல் இருந்தது.

நவம்பர் புயல் புதன்கிழமை வந்தது. காலை பதினோரு மணிக்குப் பின்னறையில் முழங்கால் தண்ணீர், கட்டில் கால்கள் முழுகிவிட்டன. ராஜகுமாரி ரோட்டில் நின்று கத்தினாள். இக்னேஷியஸ் கோட்டு நனைய நின்று கெஞ்சினார், திட்டினார், ஜெபமாலை சொன்னார். சகாயம்மாள், "நீங்க போங்க, என்ன வுட்டுடுங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் தலையணைக்கடியில் கைவிட்டு சாவியை எடுத்தார். தடுக்க அவளுக்குத் தெம்பில்லை. பீரோவைத் திறந்தார், மகளின் வாசனை வந்தது, கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு மெரூன் கலர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, தண்ணீரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் பத்து விரலுக்கும் நெயில் பாலிஷ் வைக்கத் தொடங்கினார். இரும்பில் மயிரிழை தப்பாமல் அளவெடுத்த அந்தக் கைக்கு இந்தப் பிரஷ் பிடிபடவில்லை. நகத்தை விடத் தோலில்தான் அதிகம் பட்டது. நெடி தாங்காமல் சகாயம்மாள் ஐந்து மாதத்தில் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது? கையா, கசாப்புக் கடையா?"

அவர் அடுத்த விரலையும் பாழாக்கினார். அவளுக்குப் பொறுக்கவில்லை. முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். "குடுங்க இங்க. ஆட்டாம வைங்க" என்று கையை வாங்கி, நைட்டி முனையால் தோலில் பட்டதைத் துடைத்தாள். சுண்டு விரலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக, மகள் செய்வதைப் போலவே, நடுவில் ஓர் இழுப்பு, பக்கத்துக்கு ஓர் இழுப்பு என்று வைத்தாள். நான்காவது விரலில் அவள் அழ ஆரம்பித்தாள். பிரஷ்ஷை மட்டும் கீழே வைக்கவில்லை. பத்தாவது விரல் முடிந்தபோது தண்ணீர் கணுக்காலுக்கு வந்திருந்தது. ரோட்டில் நின்ற ராஜகுமாரி, வீடு தண்ணீரை உதறிக்கொண்டு மேலே வந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறாள், அதை நம்பாமலிருக்க எங்களுக்குக் காரணம் ஒன்றுமில்லை.

கிறிஸ்துமஸுக்குள் வீடு ரோட்டுக்குப் பதினான்கு அங்குலம் கீழே வந்து நின்றது, அதற்கு மேல் ஏறவில்லை. வேம்புலி ஏழு ஏழு அங்குலத்தில் இரண்டு படி கட்டிக்கொடுத்தான். இருவரும் பத்து மணிக்குள் உடுத்திக்கொள்வதும், மாலையில் மாடியில் நடப்பதும், சனிக்கிழமை மெழுகுவர்த்தி ஏற்றுவதும் தவறாமல் நடந்தன. அது சந்தோஷம் என்று யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். காய்ச்சல் வந்தாலும் பவுடர் பூசியாக வேண்டும், ஒரு நாள்கூட லீவு கிடையாது. சில காலைகளில் சகாயம்மாள் கண்ணாடி முன்னால் ஒரு கம்மலை மாட்ட முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வாள். இதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. இக்னேஷியஸ் வெளியே போனால் வீடு கண்டுகொள்ளாது, சகாயம்மாள் கேட்டைத் தாண்டினால் இறங்கும். 2021 பிப்ரவரியில் மகளின் கல்லறையைப் பார்க்க இருவரும் கிளம்பி ஆவடி ஸ்டேஷன் டிக்கெட் கவுன்ட்டர் வரை போய்விட்டார்கள். அதற்குள் வீடு மூன்று அங்குலம் போய்விட்டதாக ராஜகுமாரி போன் செய்ய, திரும்பி வந்தார்கள். அந்த மூன்றை ஏற்ற இரண்டு மாதம் பிடித்தது. அதன் பிறகு சகாயம்மாள் கேட்டைத் தாண்டவில்லை. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள் தோறும் இக்னேஷியஸ் தனியாகப் போய் போனில் காட்டுவார். இவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்து அந்தச் சின்னத் திரையைப் பார்ப்பாள். மகளைப் புதைத்ததையும் திரையில் பார்த்தாயிற்று, புதைத்த இடத்தையும் திரையில்தான் பார்க்க வேண்டுமா என்று ராஜகுமாரியிடம் ஒருமுறை கேட்டாள்.

2024இல் ராஜகுமாரிதான் ஒரு வழி சொன்னாள், "நீ போக்கா. ஊட்ட நாங்க பாத்துக்கறோம்." கல்லறைத் திருநாள் காலை ஏழு மணிக்கு நான்காம் குறுக்குத் தெருவே பெட்டியைத் திறந்து இருப்பதில் நல்லதை உடுத்திக்கொண்டு வந்தது. பட்டும் சரிகையும் கோட்டும் சென்ட்டுமாக முப்பத்தோரு பேர் அந்தச் சின்ன ஹாலில் நெருக்கியடித்து உட்கார்ந்து, அசையாமல், முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொண்டார்கள். வேம்புலி தன் மச்சான் கல்யாணத்துச் சட்டையில் வந்திருந்தான். சகாயம்மாள் மகளின் மஞ்சள் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, நான்கரை வருஷத்துக்குப் பிறகு ரயில் ஏறினாள். கல்லறையில் கல்மேல் பெயருக்கு அடித்த கறுப்பு, மழையில் வெளுத்துப் போயிருந்தது. பையிலிருந்து அந்த மெரூன் பாட்டிலை எடுத்து, பெனிஷா என்ற மூன்றெழுத்தையும் நடுவில் ஓர் இழுப்பு, பக்கத்துக்கு ஓர் இழுப்பு என்று நிரப்பினாள். காயும் வரை ஊதிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

பிற்பகல் மூன்று மணிக்குத் திரும்பியபோது தெருவே தலைகுனிந்து நின்றது. வீடு ஓர் அங்குலம் இறங்கியிருந்தது. வேம்புலி புழுக்கம் தாங்காமல் கழுத்துப் பொத்தானைக் கழற்றியதால்தான் என்று ராஜகுமாரி சண்டை பிடித்தாள், அவன் மாதா மேல் சத்தியம் செய்தான். இக்னேஷியஸ் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. ஒழுங்காக, நான்கு பக்கமும் சமமாக இறங்கியிருக்கிறது, இது இனி ஏறாது என்றார். பிறகு ஃபிட்டர் புத்தியில் கணக்குப் போட்டு, வருஷத்துக்கு ஓர் அங்குலம் போனால் ஜன்னல் கட்டை தரைக்கு வர இன்னும் இருபத்தொரு வருஷம் என்றார்.

சகாயம்மாளுக்கு அப்போது ஐம்பத்தொன்பது. விரலை மடக்கி எண்ணினாள்.

"அப்ப எம்பது வயசு வரைக்கும் வருஷா வருஷம் அவளப் போய்ப் பாக்கலாம்" என்றாள்.

வேம்புலி அடுத்த வாரமே மூன்றாவது படி கட்டினான், ஓர் அங்குல உயரம். 2025 நவம்பருக்குப் பிறகு அது இரண்டு அங்குலம். புதிதாக வரும் கூரியர் பையன்கள் அதில் தடுக்குவார்கள். தெருக்காரர்கள் பார்த்துக் கால் வைப்போம்.