நான் பழக்கிய கை

எனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து, காது கேட்காத என் அப்பா அம்மாவுக்கு ஊர்ப் பேச்சைச் சைகையில் சொல்வது நான்தான். யாராவது திட்டினாலும் மாற்றாமல் அப்படியே சொல்ல வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை. நான் மீறியதில்லை.

என்னைக் காதலித்த வல்லரசு, அந்தச் சைகைகளை என்னிடமே கற்றுக்கொண்டான். "பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கு நீ கம்முனு குந்து. மாமாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வியாசர்பாடியில் எங்கள் வீட்டுக்கு வந்த அவன் அம்மா, என் அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பொண்ண புடிச்சிகீது. ஆனா இவங்க ரெண்டு பேரும் மேடை ஏற வாணாம். கைய ஆட்டிகினு நின்னா எங்க ஜனம் சிரிக்கும். சித்தப்பன், சித்தி இருந்தா நிக்கட்டும்."

என்ன சொல்கிறார் என்று அப்பா வல்லரசிடம் கையால் கேட்டார். அவன் கொஞ்சமும் தடுமாறவில்லை. மேடையில் நீங்கள் இருவரும்தான் எங்கள் பக்கத்தில் நிற்க வேண்டுமாம் என்று பிசகில்லாமல் சைகை செய்தான். அப்பா கண்கலங்கி அவன் அம்மாவைக் கும்பிட்டார். என் அம்மா அந்த அம்மாவுக்கு இன்னொரு கரண்டி கேசரி வைத்தாள்.

"இன்னாடா சொல்ற?" என்று கத்தினேன்.

"இப்ப வுடு கார்குழலி. கல்யாணத்தன்னிக்கு எதனா சொல்லி சமாளிச்சுக்கலாம்."

படுபாவி! ஒவ்வொரு விரலாகப் பிடித்து நான் பழக்கிய கை அது. எழுந்து அப்பாவின் முன்னால் நின்று, அவன் அம்மா சொன்னதை ஒரு சொல் விடாமல் சைகையில் சொன்னேன்.

அப்பா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் கைகளையே பார்த்தபடி சைகையில் கேட்டார்: 'இத்தனை வருஷமாக நீ எங்களுக்குச் சொன்னதெல்லாம் நிஜம்தானா?'