பெரிய அரிசிப் பை

டொக்டர் மிஸ் என் மகளின் நெஞ்சு அகலத்தை அளந்துவிட்டு, சின்ன சைஸ்தான் பொருந்தும் என்று சிங்களத்தில் சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மார்பில் புற்றுநோய் என்று போன வருடம் ஷாமிளாவுக்கு இரண்டையும் எடுத்துவிட்டார்கள். இப்போது உள்ளே ஜெல் பை வைத்துச் சரி செய்யலாமாம். அவளுக்குத் தாய் இல்லை. கட்டினவன் வியாதி என்று கேட்டதும் எம்பிலிப்பிட்டியவுக்கு வேலைக்கென்று போனான், வரவே இல்லை. ஆகவே றக்வானயிலிருந்து கொழும்பு ஆஸ்பத்திரிக்கு நான்தான் துணை. மகளுடைய இந்தக் காரியத்தை அப்பன் எப்படி வாய் திறந்து பேசுவது? "அது" என்றுதான் சொல்வோம்.

ஆயுசெல்லாம் ரப்பர் பால் வெட்டினவன் நான். பால் அளக்கும்போது தண்ணீர்க் கழிவு என்று எவ்வளவு பிடித்தார்கள்! தோட்டத்து ஆள் என்றால் எதையும் குறைத்துத்தான் கொடுப்பார்கள். திரைக்கு இந்தப் பக்கம் நின்றே கேட்டுவிட்டேன்.

"லொக்கு எகக் நெத்த, மிஸ்?" பெரிசு இல்லையா என்று.

"ஐயோ அப்பா, வாய மூடுங்க!" என்றாள் உள்ளேயிருந்து. ஆனால் அவளுக்கும் ஆசை பெரிசு மேல்தான். முன்னே இருந்த மாதிரி.

டொக்டர் கோபிக்கவில்லை. உடம்பு மெலிந்துவிட்டது, தோலும் மெல்லிசு, நெஞ்சு அகலத்தை மீறினால் தாங்காது, மறுபடி வெட்ட வேண்டி வரலாம் என்றார். இரண்டு அளவிலும் அரிசிப் பை தைத்துக் கட்டிக்கொண்டு வீட்டு வேலை செய்து பார், அடுத்த கிளினிக்கில் முடிவைச் சொல் என்றார்.

மறுபடி வெட்டுவது. அந்தச் சொல் பஸ்ஸில் ஏறியும் என்னை விடவில்லை. பயங்காட்டித்தான் ஏமாற்றுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஷாமிளா பழைய பாவாடைத் துணியில் பை தைத்தாள். முதலில் பெரிசைக் கட்டினாள். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் சுப்பம்மா பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"அடியே, பழைய ஷாமிளா வந்துட்டாடி! என்ன மாமா, இனி மாப்பிள்ள பாக்கலாம்போல?"

"மொதல்ல ஒம் மகனுக்கு ஒரு வேலயப் பாரு" என்றேன். உள்ளுக்குள் எனக்கும் சந்தோஷம்தான். என் பிள்ளை கண்ணாடி பார்த்து எத்தனை நாளாயிற்று.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. துணி காயப் போடும்போது அவள் கை பாதிதான் எழும்பியது. பை அக்குள் வரைக்கும் முட்டியது. பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு படி ஏறியவள் நடுவில் நின்று மூச்சு வாங்கினாள். தோள் முன்னால் சரிந்திருந்தது.

"வலிக்குதா?"

"இல்லப்பா. பழகிரும்."

பொய். இளம் ரப்பர் மரத்தில் பால் பிடிக்கப் பெரிய சிரட்டையைக் கட்டினால், மழைத் தண்ணீர் நிறைந்து கம்பி பட்டையைக் கிழித்துவிடும். அரிசியை அவிழ்த்து வைக்கலாம். தோலுக்குள் வைத்ததை எப்படி அவிழ்ப்பது? பெரிசு கேள் என்று அவள் மனசில் ஏற்றினவன் நான். இப்போது வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தேன். கடைசியில் அரிசி டின்னைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

"சோத்துக்கு அரிசி இல்ல புள்ள. அந்தப் பெரிசப் பிரிச்சு ஒலையில போடு."

ஷாமிளா என்னையே பார்த்தாள். கட்டிலுக்கு அடியையும் பார்த்தாள்.

"சின்னது போதுமாப்பா?"

"கைய தூக்க முடியுதான்னு பாரு. எனக்கு அது போதும்."

அவள் திரைக்குப் பின்னால் போனாள். ரொம்ப நேரம் வரவில்லை. பிறகு உலையில் அரிசி விழும் சத்தம் கேட்டது.

மறுநாளிலிருந்து சின்னதைக் கட்டினாள். துணியெல்லாம் கொடியில் ஏறியது.

கிளினிக்கில் ஷாமிளா சின்னது என்று சொல்லிவிட்டாள். டொக்டர் திரையை விலக்கி என்னைப் பார்த்துச் சிரித்தார். லொக்கு எக வேண்டாமா என்று கேட்டார்.

"அதத் தின்னுட்டோம், மிஸ்" என்றேன்.

ஒப்பரேஷனுக்குத் திகதி கொடுத்தார்கள். அந்தத் துண்டை நான் தலைகீழாகப் பிடித்திருந்தேன்; ஷாமிளாதான் வாங்கித் திருப்பி வைத்துக்கொண்டாள்.