ஹெல்மெட் போட்ட அரிசி மூட்டை

காளிகாட் வீட்டிலிருந்து அலிப்பூர் ஆபீஸ்வரை பைக்கில் போகும்போதுதான் ஜம்புநாதனும் வசந்தியும் புருஷன் பெண்டாட்டியாகப் பேசிக்கொள்வார்கள். வீட்டில் டிவி விடாது. அந்தப் பேச்சுக்கும் இப்போது ஆபத்து வந்திருந்தது. டிராம் தண்டவாளத்தைக் கண்டாலே வண்டி தலையாட்டியது. வளைவில் ஹாண்டில் ஒரு பக்கம், மனுஷன் ஒரு பக்கம். பின்னால் இருந்த வசந்தி சாமி பேரைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை.

மெக்கானிக் ரஞ்சன் சீட்டை அமுக்கிப் பார்த்தான். "தாதா, பின் ஸ்பிரிங் லூசு. பின்பக்கம் அமுங்கினா முன்சக்கரம் தூக்கிக்கும், ஹாண்டில் நிக்காது. இறுக்கிடலாம். உங்க எடை, பௌதி எடை, ரெண்டும் சொல்லுங்க."

அந்தத் தெருவுக்கே ஜம்புநாதன் தாதா, அதாவது அண்ணன்; வசந்தி பௌதி, அதாவது அண்ணி. அண்ணி பக்கத்திலேயே நின்றிருந்தாள். எதிர் டீக்கடையில் தெருவே உட்கார்ந்திருந்தது. நம்ம ஆள் தன் எடை அறுபத்தெட்டு என்று முணுமுணுத்துவிட்டு, வசந்தியின் எடையைக் கணீரென்று சொன்னார். அந்த எண்ணை நான் எழுத மாட்டேன். எனக்கும் குடும்பம் இருக்கிறது. "இருக்காது, பார்த்தா தெரியலையே" என்று டீக்கடையில் ஒருவர் ஆதரவாகப் பேசப்போக, அது இன்னும் மோசமாகிவிட்டது.

வசந்தி அன்றே ஷேர் ஆட்டோவுக்கு மாறினாள். பேச்சும் நின்றது.

இரண்டு பேருக்காக இறுக்கிய ஸ்பிரிங், தனியாகப் போனவரைத் தூக்கித் தூக்கிப் போட்டது. தளர்த்தச் சொல்ல மனசு வரவில்லை. தளர்த்தினால் அவள் இனி வரமாட்டாள் என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? வீரபாண்டியன் மளிகைக் கடைக்குப் போய், வசந்தி எடைக்குப் புழுங்கலரிசி நிறுத்து வாங்கி, மூட்டையைப் பின்சீட்டில் நிமிர்த்திக் கட்டினார். அவளுடைய ஹெல்மெட்டையும் அதற்கு மாட்டினார்.

சிக்னலில் ஒரு சார்ஜெண்ட் மூட்டையின் ஹெல்மெட் வாரைத் தானே இறுக்கிவிட்டு, "ஜாக்கிரதை, பௌதி" என்றார். வழியெல்லாம் ஜம்புநாதன் மூட்டையிடம் ஆபீஸ் வம்பு பேசினார். அது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது. ஆனால் ஒருதரம்கூட 'அப்புறம்?' என்று கேட்கவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

செய்தி வசந்திக்குப் போயிற்று. தாதா வண்டியில் புதுசாக ஒருத்தியாம், ரொம்ப அடக்கமாம், வாயே திறக்க மாட்டாளாம். வண்டி ரஞ்சன் கடையில் நிற்கிறதென்று கேட்டு, நேரே அங்கே வந்து பின்சீட்டுக்காரியின் ஹெல்மெட்டைக் கழற்றினாள். மூட்டையின் முடிச்சு தெரிந்தது.

"இது எவ்வளவு?"

"உன் எடைதான். கிராம் பிசகாது," என்றார் பெருமையாக. சில பேருக்குப் பட்டாலும் புத்தி வராது.

"வண்டி ஆடாம போகுதா?"

"எங்க பௌதி! இன்னும் ஆடுது," ரஞ்சன் தலையைச் சொறிந்தான். "சொன்ன எடைக்குத்தான் இறுக்கினேன். மூட்டையும் சரியா இருக்கு."

வசந்தியின் பார்வை மெல்ல இறங்கி, புருஷன் வயிற்றில் வந்து நின்றது. தெருவும் அங்கேயே பார்த்தது.

"ஏங்க, வீரபாண்டியன் கடைத் தராசு சும்மாதானே இருக்கு?"

டீக்கடை மொத்தமும் கிளாஸும் கையுமாகக் கூடவே வந்தது. ஜம்புநாதன் செருப்பைக் கழற்றினார், பெல்ட்டைக் கழற்றினார், மூக்குக்கண்ணாடியையும் கழற்றினார். எண்ணைப் பார்த்து வீரபாண்டியன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"நீங்களே சொல்லுங்க," என்றாள் வசந்தி. "அன்னைக்கு மாதிரி, கணீர்னு."

"எண்பத்தொன்பது." தராசிலிருந்து இறங்கினார். "உன்னோடதை அப்படிக் கத்தியிருக்கக் கூடாது, வசந்தி. தப்புதான்."

தெரு கைதட்டியது. ரஞ்சன் ஸ்பிரிங்கை இன்னும் இறுக்கினான். மூட்டை இறங்கியது, வசந்தி ஏறினாள். தண்டவாளத்தில் வண்டி நூல் பிடித்த மாதிரி போயிற்று.

"எங்க ஆபீஸ் வெங்கடநாராயணனுக்கு மறுபடியும் டிரான்ஸ்ஃபராம்," என்றார் ஜம்புநாதன்.

"அப்புறம்?" என்றாள் வசந்தி.