அடியில் தங்கிய தூள்

உலைக்கு முன்னால் நின்று அழகமுத்து கிளறிக்கொண்டிருந்தான். மூசைக்குள் அலுமினியம் உருகித் தளதளத்தது. உறுதிக்காக அதில் போட்ட சிலிக்கன் கார்பைட் தூள் லேசில் கலக்கிற சாமானா என்ன? கை ஓய்ந்தால் போதும், அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். தோள்பட்டை கழன்று விழுகிறாற்போல் வலித்தும் அவன் விடவில்லை.

பத்து மணிக்கு அமைச்சர் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வருகிறார். இரும்பு டிரம்மின் பாதிக் கனம்கூட இல்லாத பஸ் பிரேக் டிரம்மை அவர் கண்ணெதிரே வார்த்துக் காட்ட வேண்டும். அது சரியாக வந்தால் தொழில்நுட்ப உத்தியோகத்தராக நிரந்தர நியமனம் வாங்கித் தருவதாகப் பேராசிரியர் தியாகராஜா சொல்லியிருந்தார். ஏழு வருடமாகத் தற்காலிகம். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து இருட்டோடு இறங்கி வந்து, தொழில்நுட்ப வேலை முழுக்கச் செய்துவிட்டு, கூலியாள் என்று கையெழுத்துப் போட்டுப் போகிற பிழைப்பு அவனுக்கு அலுத்துப்போயிருந்தது.

எட்டரைக்கே பாதுகாப்பு அதிகாரிகள் வந்துவிட்டார்கள். கண்டி தலதா மாளிகையில் குண்டு வெடித்த வருடம் அது. தமிழர் என்றால் யாரையும் சும்மா விடுவதில்லை. அடையாள அட்டை கேட்டார்கள். அழகமுத்து தோட்டத் துரை கொடுத்த கடிதத்தை நீட்டினான். அட்டைக்குப் போட்ட விண்ணப்பம் எந்த அலுமாரியில் தூங்குகிறதோ, யாருக்குத் தெரியும். அதிகாரி கடிதத்தைப் பிரிக்காமலே வாசலைக் காட்டினார்.

தியாகராஜா பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "அழகமுத்து, நீர் கொஞ்சம் வெளியால நில்லும். அவையள் போனாப் பிறகு வாரும்."

"சார், அச்சுல ஊத்துற வரைக்கும் கிளறணுங்க. நிப்பாட்டினா எல்லாம் கீழ போயிரும்."

"பண்டா கிளறுவான்." அவர் உலையடியில் நின்ற உதவியாளைக் காட்டினார்.

"அவருக்குப் பதம் தெரியாதுங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

"நானும் தமிழன்தான், அதுவும் யாழ்ப்பாணத்தான். என்ரை அட்டையையே ரெண்டு தரம் பார்த்தவங்கள். நான் என்னத்தைச் சொல்லுறது?"

அழகமுத்து கோலைப் பண்டாவின் கையில் கொடுத்தான். விடாமல் சுற்றும்படி சிங்களத்தில் இரண்டு தரம் சொன்னான். பிறகு சைக்கிள் கொட்டகையில், துவக்கு வைத்திருந்த ஒரு சிப்பாய்க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

பத்தாயிற்று, பதினொன்றாயிற்று, அமைச்சரைக் காணோம். பண்டா இரண்டு முறை தேத்தண்ணி குடிக்க வெளியே வந்து போனதை அழகமுத்து பார்த்தான். உள்ளே போக எழுந்தபோதெல்லாம் சிப்பாய் கையைக் காட்டி உட்காரச் சொன்னான். பதினொன்றரைக்கு வாகனங்கள் வந்தன. சற்று நேரத்தில் உள்ளே கைதட்டல் கேட்டது.

மூன்றாம் நாள் டிரம்மை அறுத்துப் பார்த்தார்கள். ஒரு பக்கம் கன்னங்கரேல் என்று தூள் திரண்டிருந்தது. மறுபக்கம் வெறும் அலுமினியம். தியாகராஜா அவனை அறைக்குக் கூப்பிட்டார்.

"அமைச்சிலிருந்து காரணம் கேக்கினம். இதிலை ஒரு கையெழுத்து வையும்."

"நான் அங்க இல்லையேங்க சார்."

"அதைத்தான் எழுதியிருக்கு. உலையை இடைநடுவில விட்டிட்டுப் போனவர் எண்டு." அவர் நிமிரவில்லை. "நியமனத்தைப் பிறகு பாப்பம்."

"போகச் சொன்னது நீங்கதானேங்க."

தியாகராஜா பேனாவின் மூடியைக் கழற்றி அவன் பக்கம் வைத்தார்.

அழகமுத்து தாளை இழுத்துப் பார்த்தான். ஏழு வருடக் கூலிப் பதிவில் வெறும் 'முத்து'வாக இருந்தவனுக்கு, அந்தத் தாளின் அடியில், கையெழுத்துக்கு விட்ட கோட்டின் கீழே, அழகாக டைப் அடித்திருந்தது: ராமையா அழகமுத்து, தொழில்நுட்ப உத்தியோகத்தர்.