பெரியம்மா தூக்கினால் அரிக்காது

தையல்காரி வேலை முடிந்து மாடிப்படி ஏறும்போதே மகளின் சிரிப்பு கேட்டது. நான்கு வயது; வீட்டில் எல்லோருக்கும் அவள் பட்டாணி. கைக்குழந்தையாக இருந்தபோதே முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் எக்ஸிமா வந்துவிட்டது. சிவந்து, பொருக்குத் தட்டி, சொறியச் சொறிய நீர் வடியும். அந்தப் பிள்ளை இரண்டு மாதமாகப் பகலெல்லாம் மேல்வீட்டுப் பெரியம்மாவிடம் இருக்கிறாள். இரண்டு மாதமாகத் தோல் தேறிக்கொண்டே வருகிறது.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். தையல்காரிக்கு வயிறு எரிந்தது.

பெரியம்மா அவளுடைய ஓரகத்தி, புருஷனின் அண்ணன் மனைவி. பாடப்புத்தகங்களுக்கு வீட்டிலிருந்தே பிழை திருத்துகிறவள். 'அடுத்தவங்க தப்பைக் கண்டுபிடிக்கிறதுதான் பிழைப்பே' என்று தையல்காரி மனதுக்குள் முணுமுணுப்பதுண்டு.

கதவைத் திறந்ததும் பட்டாணி ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம்தான். கன்னத்தைத் தேய்த்தாள், தாடையைச் சொறிந்தாள், நெளிந்தாள்.

"இறக்கி விடும்மா, அரிக்குது."

"இப்பத்தானேடி தூக்கினேன்?"

"பெரியம்மா தூக்கினா அரிக்காது" என்றாள் பிள்ளை. சொல்லிவிட்டுப் பெரியம்மாவிடமே ஓடிவிட்டாள்.

அன்று சாப்பிடும்போது புருஷன் வேறு எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினான். "அண்ணிக்குக் கைராசி."

"அப்போ என் கை?"

"நான் அப்படியா சொன்னேன்?"

"வேற எப்படிச் சொன்னீங்க?"

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தான்.

மருந்தில்லாமல் ஒரே வாரத்தில் குணமாக்கிக் காட்டுகிறேன் என்று அவளுக்குள் ஒரு வெறி பிறந்தது. போனில் தேடினாள். பளபளவென்று ஒரு பெண் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து காட்டினாள். முழுக்க முழுக்க இயற்கை, பட்டுப் போன்ற தோல் என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலை, பட்டாணியைக் குளியலறையில் நிறுத்தி, சாற்றைப் பஞ்சில் தொட்டு முழங்கை மடிப்பில் அழுத்தித் தடவினாள்.

பிள்ளை போட்ட அலறலில் ஓரகத்தி பேனாவும் கையுமாகக் கீழே ஓடி வந்தாள்.

"என்ன தடவினே?"

"எலுமிச்சம்பழம். இயற்கைதானேக்கா?"

ஓரகத்தி பேனாவை வீசிவிட்டுக் குழாயைத் திறந்து பிள்ளையின் கையை அதன் கீழே பிடித்தாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது தையல்காரிக்கு. அவசரத்தில் அவள், ஆணியில் தொங்கிய, வேலைக்குப் போடும் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இருவருமாக டாக்டரிடம் போனார்கள்.

டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஓரகத்தியே பதில் சொன்னாள். வெதுவெதுப்பான தண்ணீர், பத்து நிமிஷத்துக்கு மேல் இல்லை. வாசனை சோப்பு கிடையாது. துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய். பருத்திச் சட்டை, ஒட்ட வெட்டிய நகம். அரித்தால் சொறிய விடாமல் குளிர்ந்த ஈரத்துணி.

'என் பிள்ளையைப் பத்தி என்னைக் கேக்க ஆளில்லை' என்று தையல்காரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்பச் சரி, அப்படியே செய்யுங்க. அதிகமாச்சுன்னா மட்டும் இந்தக் களிம்பு போடுங்க" என்ற டாக்டரம்மா தையல்காரி பக்கம் திரும்பினாள். "எலுமிச்சை இயற்கைதான். தேள் கொடுக்கும்கூட இயற்கைதாம்மா. புண்ணில புளிப்பு பட்டா எரியாம என்ன செய்யும்?"

அப்போது அம்மாவின் மடியில் சாய்ந்திருந்த பட்டாணி கன்னத்தைச் சொறிந்தாள். டாக்டரம்மா எழுந்து வந்து தையல்காரியின் மேல்சட்டையிலிருந்து ஒரு இழையைக் கிள்ளி எடுத்தாள்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"தையல். இப்போ முழுக்கக் கம்பளிக் கோட்டுதான்."

"பாருங்க, உங்க மேல பூரா கம்பளித் தூசு. குழந்தை கன்னம் அதிலதான் உரசுது. வீட்டுக்கு வந்ததும் உடுப்பை மாத்திட்டு, கை கழுவிட்டுத் தூக்குங்க."

திரும்பும் வழியில், பாதித் தெருவில் தையல்காரி கேட்டாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"

"சந்தேகம் இருந்துச்சு."

"ஊர்ப்பட்ட தப்பெல்லாம் கண்டுபிடிக்கறீங்க. இதை ஏன் சொல்லலை?"

"நீ தப்பா எடுத்துக்குவியோன்னு..." என்று ஆரம்பித்த ஓரகத்தி நின்றுவிட்டாள். "இல்லை, அது பொய். நாள் முழுக்க நான் பாத்துக்கறேன். உன் செருப்புச் சத்தம் கேட்டாப் போதும், என்னைத் தள்ளிவிட்டுட்டு ஓடறா. அரிக்கும்போதுதான் என்கிட்ட திரும்பி வர்றா. அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு."

தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பிள்ளை அரிச்சுச் சாகுது, உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சா!" என்று நடுத்தெருவில் கத்தினாள். நாலு நாள் ஓரகத்தியின் முகத்தைப் பார்க்காமல், கடையில் விடுப்புச் சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தானே வைத்துக்கொண்டாள். ஆனால் அந்த நாலு நாளும் அவள் மனதில் ஓடியது வேறு: இவளுக்கும் என்மேல் பொறாமை! நினைக்க நினைக்க, கோபத்தோடு ஒரு நிம்மதியும் சேர்ந்து வந்தது.

ஐந்தாம் நாள் பிள்ளையோடு மாடி ஏறினாள். கையில் பழைய பருத்தி நைட்டி ஒன்று. "இது உங்க கதவுக்குப் பின்னால தொங்கட்டும். வந்ததும் மாத்திக்கறேன். குளிப்பாட்டறதையும் எனக்குக் காட்டுங்க."

"தேய்க்காதே, ஒத்து" என்று ஓரகத்தி ஆரம்பித்தாள். அன்றிலிருந்து பட்டாணியின் குளியல் மாலைக்கு மாறியது.

தோல் ஒரேயடியாகச் சரியாகிவிடவில்லை. காற்று வறண்டால் முழங்கால் மறுபடி சிவக்கும், களிம்பு எடுப்பார்கள். ஆனால் அம்மா தூக்கினால் அரிப்பதில்லை.

ஒரு மாலை குளித்து முடித்த பட்டாணி, "பெரியம்மா வேண்டாம், அம்மாதான் எண்ணெய் தடவணும்" என்றாள். ஓரகத்தியின் முகம் சுருங்கியதைத் தையல்காரி பார்த்தாள். உள்ளே குளுகுளுவென்று இருந்தது. அப்புறம் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

"வலது கால் நீங்க தடவுங்கக்கா" என்று கிண்ணத்தை நடுவில் வைத்தாள். "மத்ததெல்லாம் நான்."