பாதி சுருட்டிய சாலை

கருவேலங்குளத்துக்குச் சாலை வருஷத்தில் ஒரு நாள் வரும். மாவட்டத்தில் ஏழை ஊர்கள் நிறைய. அரசாங்கம் வாங்கிய சாலை ஒன்றுதான். மார்ச் மாதம் லாரியில் சுருளாக வந்து இறங்கும். காலையில் ஊரிலிருந்து டவுன் ஆஸ்பத்திரி வரை விரிப்பார்கள். பொழுது சாயும்போது சுருட்டி அடுத்த ஊருக்குக் கொண்டுபோவார்கள்.

மூக்கையா அந்த நாளுக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். மனைவி இருளாயியின் வலது காலில் முள் ஏறிச் சீழ் வைத்து, வீக்கம் முழங்காலைத் தாண்டிவிட்டது. அவளைத் தூக்கிக்கொண்டு முள்ளுக்காட்டில் நடக்கிற வயசா அவருக்கு? தார் வாசம் வந்ததுமே தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டார்.

"மெல்லப் போங்க. ரோடு ஓடியா போயிரும்?"

"போயிரும். வாயை மூடிக்கிட்டு உக்காரு."

ஆஸ்பத்திரியில் அட்டை பார்க்கும் ரெஜினா, இலவச வைத்திய அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"பெரியவரே, இது ஏழைங்களுக்கு. உங்க ஊருக்கு இன்னைக்கு ரோடு இருக்கு. கோடிக்கணக்குல செலவு பண்ணியாச்சு. ரோடு இருக்கிற ஊர்ல ஏழை ஏது?"

"சாயங்காலம் சுருட்டிருவாங்களே, தாயி."

"அப்ப ஏழைதான். ஆனா ரோடு இல்லாம நீங்க இங்க வந்திருக்க முடியாதே. வராதவங்களை எப்படிச் சேர்க்கிறது?"

நியாயம்தான். ஆனால் கால் நியாயம் பார்க்கவில்லை, வீங்கிக்கொண்டே இருந்தது. இருளாயியை வராந்தாவில் விட்டுவிட்டு மூக்கையா சாலையில் திரும்ப ஓடினார். பொழுது சாய்ந்துவிட்டது, ஊர்ப்பக்கமிருந்து ஆட்கள் சுருட்டிக்கொண்டே வந்தார்கள். பாதி வழியில் சுருளுக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரிங்க மாமா," என்றான் மேஸ்திரி தவமணி. "அடுத்த ஊர்ல ரிப்பன் வெட்டக் கத்திரிக்கோலோட நிக்கிறாங்க."

"நிக்கட்டும். பாதி ரோடுதான் இருக்குன்னு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொல்லு."

தவமணி சொன்னான். ரெஜினா யாரையோ கேட்டுவிட்டு மறுபடி போனுக்கு வந்தாள்.

"பாதி ரோடுன்னா பாதி ஏழை. வந்ததும் பாதிதான். பாதியைச் சேர்த்துக்கலாம். எந்தப் பாதின்னு கேளு."

"வலது," என்றார் மூக்கையா. சேர்த்தாயிற்று என்று தெரிந்த பிறகே எழுந்தார்.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, வலது பாதியைக் கட்டிலில் போட்டு டாக்டர் சீழ் எடுத்துக்கொண்டிருந்தார். இடது பாதி வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"எம்புட்டு நேரம் ஒத்தக் கால்ல நிக்கிறது?" என்றது.

சாலை முழுக்கச் சுருண்டு லாரியில் ஏறிவிட்டது. பாதிப் பாரம்தானே? இடது பாதியை முதுகில் தூக்கிக்கொண்டு முள்ளுக்காட்டில் இறங்கினார்.

வீட்டில் கஞ்சி கொதித்தது.

"உப்பு டப்பா எங்கடி?"

"எடுத்து வச்சது சோத்துக் கை. அதைத்தான் கேக்கணும்."

மூக்கையா வாசலைப் பார்த்தார். அடுத்த மார்ச்சில் கேட்டுக்கொள்ளலாம் என்று கஞ்சியை இறக்கினார்.